உண்டியல் கேமரா

நடுவரைத் திட்டுவதற்கென்று தனியாக ஒரு தொண்டை வேண்டும். புஷ்பவள்ளிக்கு அது இருந்தது. செடெனாக் மாரியம்மன் கோயில் திடலில் அவள் ஒரு சத்தம் போட்டால், நெடுஞ்சாலையில் போகிற லோரிக்காரன்கூடத் தன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று கண்ணாடியில் பார்ப்பான் என்று ஊரில் கேலி பேசுவார்கள். ஐம்பத்து மூன்று வயது. சேனாயில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடர். செடெனாக் காற்பந்து அணிக்கு மேனேஜர். கோயில் செயலவையில் உறுப்பினர். அலுவலகச் சாவியும் அவளிடம்தான். இத்தனையையும் ஒருத்தியே எப்படிப் பார்க்கிறாள் என்று கேட்டால், வேறு யாரும் முன்வரவில்லை, அவ்வளவுதான்.

இப்படிப்பட்டவளின் ஒரே மகள் லோஷினி வளர்ந்து, வேலைக்குப் போய், நடுவர் ஆனாள். அம்மனுக்கும் கேலி செய்யத் தெரியும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. வாரநாட்களில் அவள் தம்போயில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. தலைக்கவசம் போடாமல் வந்தால் முதலாளியையே வாசலில் நிறுத்தி வைப்பாள். வார இறுதியில் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, விசிலைக் கையில் சுற்றிக்கொண்டு, திடல் திடலாக ஓடுவாள். மகள் நடத்தும் ஆட்டங்களுக்குப் புஷ்பவள்ளி போனதே இல்லை. போனால் வாய் சும்மா இருக்காது என்று அவளுக்கே தெரியும்.

கதை தொடங்கியது செல்லப்பன் கடையில், தேசிய அணி தோற்ற மறுநாள் காலையில். முதல் நாள் ஆட்டத்தில் நம் ஆட்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். ஆட்டம் முடிகிற நேரத்தில் எப்படியோ ஒன்றைத் திருப்பிப் போட்டார்கள். கடையில் இருந்த நாற்காலிகள் எல்லாம் சாய்ந்து விழுந்தன. நடுவர் காதில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். டிவியில் நீலத்தில் ஒரு கோடு போட்டார்கள், சிவப்பில் ஒரு கோடு போட்டார்கள். கடைசியில் நம் ஆட்டக்காரரின் அக்குள் நீலக் கோட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தது என்று கண்டுபிடித்து, ஆஃப்சைடு, கோல் இல்லை என்றார்கள். அந்த அக்குளைத் தூங்கி எழுந்தும் யாராலும் மறக்க முடியவில்லை.

புஷ்பவள்ளியின் தம்பி கமலநாதன் செடெனாக் அணியின் பயிற்சியாளர். கேமராவில் பார்த்து நடுவர் முடிவை மாற்றுகிற இந்த விஏஆர் என்ற பேச்சே அவனுக்கு ஆகாது. கோல் போட்டவன் சந்தோஷப்படலாமா கூடாதா என்று ஒரு டிவிப் பெட்டியிடம் அனுமதி கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது, இதற்குப் பேர் பந்தாட்டமா என்று அவன் மேசையைத் தட்டினான். புஷ்பவள்ளி விடவில்லை. அவளுடைய தொழிற்சாலையில் ஒவ்வொரு சர்க்யூட் போர்டையும் கேமரா பார்த்த பிறகுதான் வெளியே அனுப்புகிறார்கள். சாப்பாட்டு நேரம் முடிந்தால் மனுசக் கண் சொக்கும், கேமரா சொக்காது. கேமராவில் குற்றமில்லை, கோடு போடுகிறவன் கையில்தான் குற்றம் என்பது அவள் கட்சி. உலகத்தில் எல்லாத் திடலிலும் கேமரா வைக்க வேண்டும், நம்முடைய கோயில் திடல் உட்பட என்று அவள் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

சிங்கப்பூரில் வேலை செய்கிற சின்னத்தம்பி என்ற ரசிகனுக்கு வேறு கவலை. திங்கட்கிழமை வேலையிடத்தில் அத்தனை பேரும் அவன் அக்குளைத் தூக்கிப் பார்ப்பார்கள். இனிமேல் தேசிய அணி ஆட்டத்தையே பார்க்கப் போவதில்லை என்று சபதம் செய்தான். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் இந்தச் சபதம் உண்டு. அடுத்த ஆட்டத்துக்குப் புலி போட்ட மஞ்சள் சட்டையோடு முதல் ஆளாக வந்து உட்காருவதும் அவன்தான்.

கமலநாதனின் மகன் ரூபேந்திரன் அதுவரை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டு சும்மா இருந்தான். செடெனாக் அணியின் முன்னாட்டக்காரன். யாருக்கும் பிடிக்காததை அவன்தான் சொன்னான்.

"அந்தக் கோலைக் குடுத்திருந்தாலும் டிராதான், ப்பா. தொண்ணூறு நிமிஷத்துல கோல் பக்கம் எத்தனை தடவை போனோம்? அதுக்குக் கேமரா என்ன பண்ணும்?"

கடையே அவன்மேல் பாய்ந்தது. புஷ்பவள்ளிதான் முதலில் பாய்ந்தாள். நம் அணியை நாம் திட்டலாம், அதற்காக உண்மையைச் சொல்லிவிடுவதா என்று அவளுக்கு ஆத்திரம். இத்தனைக்கும் அவள் மனதில் இருந்ததும் அதுதான்.

லோஷினி அன்று அங்கேதான் இருந்தாள். பாலில்லாத தே ஓ குடித்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் நீ என்ன சொல்கிறாய் என்று அவள் பக்கம் திரும்பினார்கள். கேமரா இருக்கிற போட்டியில் கேமராவைப் பார்க்க வேண்டும், இல்லாத போட்டியில் தன் கண்ணைத்தான் நம்ப வேண்டும் என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டாள். பெற்ற மகளிடமிருந்து வந்த பதில் புஷ்பவள்ளிக்குச் சப்பென்று இருந்தது.

அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு மாதத்தில் சித்திரைக் கிண்ணப் போட்டி வந்தது. கோயில் திருவிழாவை ஒட்டி வருடாவருடம் நடக்கிற போட்டி. இறுதியாட்டம் செடெனாக்குக்கும் சிம்பாங் ரெங்கத்துக்கும். இதில் ஒரு வழக்கம் உண்டு. இறுதியாட்டம் முடிந்ததும் கோயில் மண்டபத்தில் பந்தி. ஜெயித்த அணி இலையில் உட்காரும். தோற்ற அணி கரண்டி பிடித்துப் பரிமாறும். மூன்று வருடமாக செடெனாக்காரர்கள்தான் கரண்டி பிடிக்கிறார்கள். ரெங்கத்துப் பையன்களில் யாருக்கு ரசம் பிடிக்கும், யாருக்கு மோர் பிடிக்கும் என்பது வரைக்கும் அவர்களுக்கு மனப்பாடம். இது எவ்வளவு பெரிய அவமானம் என்று பரிமாறிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

இறுதியாட்டத்துக்கு நடுவராக லோஷினியைக் கேட்டது ரெங்கத்துக்காரர்கள். செடெனாக்குக்கு அம்மா மேனேஜர், தாய்மாமன் பயிற்சியாளர், மாமன் மகன் முன்னாட்டக்காரன், அப்படியிருந்தும் கேட்டார்கள். போன வருடம் வேறோர் ஊர்ப் போட்டியில், வேறு அணிக்கு ஆடிய ரூபேந்திரனுக்கு அவள் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பியதை அவர்கள் பார்த்திருந்தார்கள். கட்டிக்கிற முறை உள்ளவனையே விரட்டியவள் எங்களுக்கு அநியாயம் செய்ய மாட்டாள் என்பது அவர்கள் கணக்கு. லோஷினிக்கும் அந்த ஆட்டம் வேண்டியிருந்தது. மாநில நிலை நடுவராக உயர்வதற்கு அவளை மதிப்பிட ஒருவர் வருகிறார். இந்த ஆட்டத்தில் அவர் சரி என்றால் மாநிலப் போட்டிகள் கிடைக்கும். இல்லையென்றால் மறுபடியும் குடியிருப்புத் தாமான் திடல்கள், மறுபடியும் காத்திருப்பு. ஐந்து வருடமாக இதற்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தாள்.

அணிகளின் கூட்டத்தில் புஷ்பவள்ளி எழுந்து, உண்டியல் இரண்டு தடவை உடைபட்ட பிறகு கோயிலில் கேமரா மாட்டியிருக்கிறோம், அதில் ஒன்றை விஏஆர் ஆக வைத்துக்கொள்ளலாம் என்று முன்மொழிந்தாள். சிரித்தார்கள். லோஷினி சிரிக்கவில்லை. போட்டி விதியில் அது இல்லை, சேர்ப்பதென்றால் வேறு நடுவரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நேராகச் சொன்னாள். தீர்மானம் விழுந்தது. விதி எல்லாருக்கும் வாசித்துக் காட்டப்பட்டது: நடுவர் முடிவே முடிவு. எல்லாரும் சரி என்று கை தூக்கினார்கள்.

புஷ்பவள்ளி விழுந்த தீர்மானத்தை விழுந்தபடியே விடுகிறவள் அல்ல. அடுத்த வாரம் கோயில் மின்சாரக்காரரைக் கூப்பிட்டு, கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான்காவது கேமராவைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்பச் சொன்னாள். காரைத் திருடுகிறவன் திடல் வழியாகத்தானே ஓடுவான் என்று காரணம் வேறு. கோயில் பக்கத்துக் கோல் கம்பங்கள் இரண்டும் பளிச்சென்று திரையில் விழுந்தன. அதை வைத்து அவள் என்ன செய்யப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் செல்லப்பன் கடையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒருவரிடம் சொன்னாள். ஒருவரிடம் சொன்னால் போதுமே.

இறுதியாட்டத்தன்று வெயில் மண்டையைப் பிளந்தது. திடலின் ஒரு பக்கம் செம்பனைத் தோட்டம், மறுபக்கம் டேட்டா சென்டர் கட்டுகிற கிரேன்கள், நடுவில் கோயில் மைக். கூட்டம் கோடு வரைக்கும் நெருக்கியடித்து நின்றது. மதிப்பிட வந்த ஜெயசங்கர் நரைத்த மீசைக்காரர், மடக்கு நாற்காலியில் குடையோடு உட்கார்ந்து அடிக்கடி எதையோ குறித்துக்கொண்டிருந்தார். புஷ்பவள்ளி கையில் மேனேஜர் பட்டையோடு செடெனாக் பெஞ்சில் இருந்தாள். மகள் ஓடுவதை அவள் முதல் தடவையாகப் பார்த்தாள். அழகாக ஓடினாள். அதைப் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லிவிடக் கூடாது என்று வாயில் புளிப்பு மிட்டாயைப் போட்டு அடக்கிக்கொண்டாள்.

முதல் பாதியிலேயே ரெங்கம் ஒரு கோல் போட்டது. சுத்தமான கோல், குறை சொல்ல இடமில்லை. செடெனாக்குக்கு மூன்று நல்ல வாய்ப்புகள் வந்தன. மூன்றையும் வானத்துக்கு அனுப்பினார்கள். கமலநாதன் தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டினான். இரண்டாம் பாதி முழுக்க செடெனாக்தான் நெருக்கியது. நேரம் கரைந்தது. புஷ்பவள்ளியால் பெஞ்சில் இருக்க முடியவில்லை. தண்ணீர்ப் புட்டிகளை எடுத்து வைக்கிற சாக்கில் பக்கக் கோட்டோரமாகவே நடந்து, கோயில் பக்கத்துக் கொடிக்கம்பம் வரைக்கும் வந்துவிட்டாள்.

அதனால்தான் அவள் பார்த்தாள். மேனேஜர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருந்தால் பார்த்திருக்க மாட்டாள். வலது பக்கமிருந்து பந்து வந்தது, ரூபேந்திரன் எகிறித் தலையால் மோதினான், பந்து மேல்கம்பத்தின் அடியில் பட்டு நேராகக் கீழே விழுந்தது. கோல் காப்பாளன் விழுந்தடித்து அதை வெளியே தள்ளினான். கொடிக்கம்பத்தின் பக்கத்திலிருந்து பார்த்தவளுக்குக் கோடு முழுசாகத் தெரிந்தது. பந்து விழுந்தது கோட்டுக்கு அந்தப் பக்கம். வெள்ளைக் கோட்டுக்கும் பந்துக்கும் நடுவில் பச்சைப் புல் தெரிந்தது.

லோஷினி திடலின் நடுவிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தாள். இன்னும் வர வேண்டிய தூரம் இருந்தது. பக்கக் கோட்டு நடுவரும் பிந்தித்தான் வந்தார், கொடியைத் தூக்கவில்லை. லோஷினி இரண்டு கைகளையும் முன்னால் வீசி, ஆட்டம் தொடரட்டும் என்று காட்டினாள். அடுத்த உதையில் பந்து வெளியே போனது. அங்கே நின்றது ஆட்டம்.

செடெனாக்காரர்கள் அத்தனை பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ரூபேந்திரன் கோலைக் காட்டிக் காட்டிக் கத்தினான். மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டான். கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தது. அப்போது ஒரு குரல் கோயில் கேமராவில் இருக்கும் என்று கிளப்பியது. சின்னத்தம்பியின் குரல் மாதிரி இருந்தது. அவ்வளவுதான், அத்தனை தலைகளும் கோயில் கூரைப் பக்கம் திரும்பின. செல்லப்பன் கடையில் விஏஆர் பந்தாட்டத்தைக் கொன்றுவிட்டது என்று ஒப்பாரி வைத்தவர்கள் எல்லாரும் இப்போது விஏஆர், விஏஆர் என்று, டிவியில் நடுவர்கள் காட்டுவதுபோல் கையால் காற்றில் சதுரம் வரைந்தார்கள். அதில் பெரிய சதுரம் கமலநாதன் வரைந்தது.

ரெங்கத்துக்காரர்கள் கேமரா கூடாது என்று மல்லுக்கு நின்றார்கள். அவர்கள் ஊரிலும் போன மாதம் அக்குளைப் பற்றித்தான் சண்டை. அங்கே அவர்கள் கேமரா கட்சி. நியாயம் என்பது எந்தக் கோல் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது போலிருக்கிறது.

கமலநாதன் நேராக மருமகளிடம் போனான். குரலைத் தாழ்த்தி, மாமன் என்ற முறையில் பேசினான். ஒரு நிமிஷம், போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தால் போதும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள் என்றான். லோஷினி அவனைப் பார்த்த பார்வையில் உறவு எதுவும் இல்லை.

"கோச், உங்க இடத்துக்குப் போங்க."

அவன் போனான், ஆனால் தன் இடத்துக்கு அல்ல. அக்காவிடம் போனான்.

"சாவியைக் குடுக்கா. நான் பார்த்துட்டு வந்து எல்லார் முன்னாடியும் சொல்றேன். அப்புறம் அவ எப்படி இல்லைன்னு சொல்றான்னு பார்ப்போம்."

கேமராத் திரை இருந்த கோயில் அலுவலகத்தின் சாவி இடுப்புப் பையில் இருந்தது. புஷ்பவள்ளியின் கை அதன்மேல் போய் நின்றது. கதவைத் திறந்தால் போதும். திரையில் பந்து விழும், புல் தெரியும், ஊரே பார்க்கும். மூன்று வருடக் கரண்டி கீழே இறங்கினாலும் இறங்கும். ஒரு மாதமாக அவள் சொல்லிக்கொண்டு திரிந்ததும் சரி என்றாகும். அதோடு, ஜெயசங்கர் பார்த்துக்கொண்டிருக்கையில், மகளின் முடிவை அம்மா திருப்பி வைத்த கேமரா ஊரறியக் கிழித்துப் போடும். அதற்குப் பிறகு அந்தப் பெண் எந்தத் திடலில் விசில் ஊதினாலும் கூட்டம் கேமரா எங்கே என்றுதான் கேட்கும். ஐந்து வருட ஓட்டம் இந்தக் கோயில் வாசலிலேயே முடிந்துபோகும்.

கேமரா கெட்டுப்போச்சு என்று ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நம்பியிருப்பார்கள். ஆனால் அவள் மகளைப் பார்த்தாள். லோஷினி இரண்டு அணித் தலைவர்களையும் அருகில் வைத்துக்கொண்டு, முதுகை நேராக வைத்து, கூட்டம் வெளியே போகும்வரை ஆட்டம் தொடங்காது என்று நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஒரு தசை ஆடவில்லை. இவளுக்குப் பொய்யால் முட்டுக் கொடுப்பதா என்று புஷ்பவள்ளிக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபம் சட்டென்று தம்பிமேல் திரும்பி, கூட்டத்தின்மேல் திரும்பி, கேமராவில் போய் நின்றது. அவள் கோட்டைத் தாண்டித் திடலுக்குள் விறுவிறுவென்று நடந்தாள்.

அவள் உள்ளே வருவதைப் பார்த்து செடெனாக்காரர்களுக்கு உற்சாகம். அக்கா கிழிக்கப் போகிறாள் என்று வழிவிட்டார்கள். அவள் மகளைக் கடந்து போய், மகளுக்கு முதுகைக் காட்டி, தன் ஊரைப் பார்த்து நின்றாள். பிறகு அந்தத் தொண்டையைத் திறந்தாள்.

"கேட்டுக்குங்க எல்லாரும். அது கோல்தான். நான் அந்தக் கொடிக்கம்பத்துக்கிட்ட நின்னு என் ரெண்டு கண்ணால பார்த்தேன். பந்து உள்ள விழுந்துச்சு."

செடெனாக் ஆர்ப்பரித்தது. அவள் கையைத் தூக்கினாள்.

"நடுவர் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதனால கோல் இல்ல. சாவி என்கிட்டதான் இருக்கு, குடுக்க மாட்டேன். அந்தக் கேமராவைத் திருப்பி வச்சதும் நான்தான். அது உண்டியலைப் பார்க்க வாங்குனது, இந்தப் புள்ளையைப் பார்க்க வாங்குனது இல்ல. நடுவர் முடிவே முடிவுன்னு அன்னைக்குக் கை தூக்குனீங்கதானே? தூக்குன கையைக் கீழ போட்டுட்டு வெளிய போங்க."

முப்பது வருடமாக நடுவர்களை ஓட ஓட விரட்டியவள் நடுவருக்காக நிற்கிறாள் என்பதை மனதில் ஏற்றிக்கொள்ள ஊருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பின்னால் விசில் ஊதியது. கூர்மையாக, ஒரே ஒரு தடவை. புஷ்பவள்ளி திரும்பினாள். லோஷினி அவள் முன்னால் வந்து நின்றாள். பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து, கையை நேராக மேலே உயர்த்தினாள்.

"மேனேஜர், என் அனுமதி இல்லாம திடலுக்குள்ள வந்திருக்கீங்க. வெளிய போங்க."

கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். புஷ்பவள்ளிக்கு முகம் சூடானது. இத்தனை பேர் முன்னால், இவளுக்காக ஊரையே பகைத்துக்கொண்டு நிற்கிற தாய்க்கு அட்டை. அலமாக், என்ன பெண் இது என்று ஒரு கணம் நெஞ்சு கொதித்தது. அப்போதுதான் உயர்ந்திருந்த கையைப் பார்த்தாள். விரல்கள் லேசாக நடுங்கின. தூரத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. நடுங்கிக்கொண்டே தூக்கியிருக்கிறாள், இறக்கவும் இல்லை. கொதித்தது அப்படியே அடங்கி, அந்த இடத்தில் பெருமை வந்து முட்டியது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒரு நடுவருக்குப் பதில் பேசவில்லை. தலையை ஆட்டிவிட்டு, வந்த வழியே நடந்து கோட்டுக்கு வெளியே போய் நின்றாள். அவள் போன பிறகு மற்றவர்கள் நிற்பதற்குக் காரணம் இல்லை. ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வெளியே போனார்கள். ஆட்டம் தொடங்கியது.

செடெனாக் தோற்றது. ஒன்றுக்குப் பூஜ்யம். கடைசி விசில் ஊதியதும் கமலநாதன் தொப்பியைத் தரையில் அடித்தான். கோல் என்று நீயே வாயால் சொன்னாயே, பிறகு நாம் எப்படித் தோற்றோம் என்று அக்காவைக் கேட்டான்.

"முதல் பாதியில மூணு சான்ஸை வானத்துக்கு அடிச்சீங்களே, அப்படித்தான் தோத்தோம். ஒரு கோலை வாங்கிக்கிட்டு ரெண்டு போடணும்டா. ஒண்ணையே புடிச்சுக்கிட்டு அழக் கூடாது." மூச்சு வாங்கிக்கொண்டு அவள் சேர்த்தாள். "அடுத்த வருஷமும் இறுதியாட்டத்துக்கு அவதான் நடுவர். நானே கூட்டத்துல முன்மொழியுறேன். எவன் எதிர்த்துக் கை தூக்குறான்னு பார்க்கிறேன்."

பக்கத்தில் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்த ரூபேந்திரன், நான் தூக்க மாட்டேன் அத்தை என்றான்.

மண்டபத்தில் பந்தி போட்டார்கள். நான்காவது வருடமாக செடெனாக்காரர்கள் கரண்டி பிடித்தார்கள். ரெங்கத்துக்காரர்கள் அன்று கேலி செய்யவில்லை. புஷ்பவள்ளி சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவர்களுடைய தலைவன் எழுந்து நின்று இலையைக் காட்டினான். அவள் உட்காரச் சொல்லி, கேட்காமலேயே இரண்டு கரண்டி வைத்தாள்.

வரிசையின் கடைசியில் நடுவர்களும் ஜெயசங்கரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெயசங்கர் இலையில் கை வைக்காமல் அவளுக்காகக் காத்திருந்த மாதிரி இருந்தது. நீங்கள் திடலில் சொன்னது என் காதிலும் விழுந்தது என்றார். மகளின் நிலை உயர்வைத் தன் வாயாலேயே தின்றுவிட்டோமோ என்று புஷ்பவள்ளி நினைத்தாள். ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

"உண்மையைத்தான் சொன்னேன், சார். அவ தப்பா குடுத்துட்டா. அதுக்காக அவளைக் குறைச்சுப் போட்டீங்கன்னா, அது உங்க தப்பு."

ஜெயசங்கர் மீசையைத் துடைத்துக்கொண்டார். பந்து வரும்போது நடுவர் பிந்தி நின்றதைக் குறித்துத்தான் ஆக வேண்டும் என்றார். அதற்குப் பிறகு நடந்ததையும் குறித்திருப்பதாகச் சொன்னார்.

"பெத்த அம்மாவுக்கே கார்டு காட்டுற ரெஃப்ரியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லமா. மாநிலத்துக்கு இப்படி ஒரு ஆள் தேவை. அப்படித்தான் எழுதியிருக்கேன். கொஞ்சம் குழம்பு ஊத்துங்க."

அவள் பின்னால் வந்தவனிடமிருந்து குழம்பு வாளியை வாங்கி ஊற்றினாள். இலைக்கு வெளியேயும் கொஞ்சம் ஊற்றினாள்.

அடுத்த இலை லோஷினியுடையது. முகம் கழுவி, தலையை ஈரத்தோடு முடிந்திருந்தாள். இவ்வளவு நேரம் நடுவராக இருந்த முகம் இப்போது களைத்த மகளின் முகமாக இருந்தது. அவள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ம்மா, நெஜமாவே உள்ள விழுந்துச்சா?"

இல்லை, எனக்குச் சரியாகத் தெரியவில்லை, கோபத்தில் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் அன்று இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். புஷ்பவள்ளி சோற்றை வைத்தாள்.

"விழுந்துச்சு. புல்லு தெரிஞ்சுது."

லோஷினி கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு இலையையே பார்த்தாள். கண் நிறைந்தது, வழியவில்லை. வலித்திருக்கும். வலிக்கட்டும் என்று புஷ்பவள்ளி நின்றாள். தட்டிக் கொடுக்கத் துடித்த கையால் வாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பின்னால் யாரோ சோறு கேட்டார்கள். அவள் நகரவில்லை.

லோஷினி சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். முதல் வாயை விழுங்கிவிட்டுத்தான் பேசினாள்.

"அடுத்த மேட்ச்ல இதைவிட வேகமா ஓடுவேன்."

"ஓடு," என்றாள் புஷ்பவள்ளி.